வராத டிஸ்குக்கு இலை போட்டுக் காத்திருக்கும் லினக்ஸ்

கறுப்புத் திரையின் இடது ஓரத்தில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் "எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்" என்று ஒரு வரி. அதன் பின்னால் கோடு போட்டுப் பிரித்த நீளமான எண். கடைசியில் இரண்டு நேரங்கள்: ஏறிக்கொண்டே போகும் வினாடி ஒன்று, 1 நிமிடம் 30 வினாடி என்று அசையாமல் நிற்கும் எல்லை இன்னொன்று. நேற்றுவரை 20 வினாடியில் எழுந்த கணினி இன்று இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் இந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

பலரும் அதைத் தேடுவதில்லை. கணினிக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, சனிக்கிழமை சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்கொயருக்குப் போய்ப் புது எஸ்எஸ்டி வாங்கிவந்து, பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்து போடுகிறார்கள். புது எஸ்எஸ்டியிலும் அந்த 90 வினாடி 90 வினாடியாகவே இருக்கும். ஏனென்றால் கணினி அந்த நேரத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. ஒரு டிஸ்க் வரும் என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள், அது வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறது. அந்த டிஸ்கோ உங்கள் அலுவலகப் பையில் எம்ஆர்டி ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது.

எழுதிவைத்த இடம் /இடிசி/எஃப்எஸ்டேப் என்ற கோப்பு. (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படிதான் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.) ஒரு வரிக்கு ஆறு பத்தி: எந்த டிஸ்க், எங்கே மவுண்ட் ஆக வேண்டும் (எந்த ஃபோல்டராகத் தெரிய வேண்டும்), எந்த ஃபைல் சிஸ்டம், என்னென்ன ஆப்ஷன்கள், பழைய டம்ப் நிரலுக்கான ஓர் எண், ஃபைல் சிஸ்டம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் எஃப்எஸ்சிகே சோதனையின் வரிசை எண். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கைச் சேர்க்கும்போது பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து இப்படி எழுதியிருப்பார்கள்:

யூயூஐடி=(டிஸ்கின் எண்) /எம்என்டி/பேக்கப் இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ் 0 2

பார்க்கச் சாதுவான வரி. ஆனால் பூட் ஆகும்போது, மற்ற எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் இந்தக் கோப்பைப் படித்து ஒவ்வொரு வரியையும் ஒரு மவுண்ட் யூனிட்டாக, அதாவது தான் கவனிக்க வேண்டிய ஒரு வேலையாக, மாற்றுகிறது. 'டிஃபால்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால், இந்த மவுண்ட் இல்லாமல் உள்ளூர் டிஸ்குகள் தயார் என்ற கட்டத்தைத் தாண்டக் கூடாது என்று அதற்கு அர்த்தம். ரூட் பார்ட்டிஷனுக்கு அடுத்த வரிசையில் உங்கள் போர்ட்டபிள் டிஸ்கையும் வீட்டு ஆளாக உட்கார வைத்துவிட்டீர்கள். அது வராவிட்டால் சிஸ்டம்டி காத்திருக்கும் இயல்பான நேரம்தான் அந்த 90 வினாடி.

90 வினாடி முடிந்ததும் பூட் தொடரும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. மவுண்ட் தோற்கிறது, அதைச் சார்ந்த கட்டம் தோற்கிறது, கணினி பழுதுபார்ப்பதற்கு மட்டுமான எமர்ஜென்சி மோடில் போய் நிற்கிறது. எனவே உங்களுடையது 90 வினாடி நின்றுவிட்டு ஒழுங்காக எழுந்தால், காரணம் வேறு யூனிட்டாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தைக் கவனித்தாலே தேடல் பாதி குறைந்துவிடும். க்னோமின் 'டிஸ்க்ஸ்' செயலி வழியாக மவுண்ட் ஏற்பாடு செய்தவர்களுக்கு அந்தச் செயலியே 'நோஃபெயில்' (டிஸ்க் வராவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற ஆப்ஷன்) சேர்த்துவிடும். மாட்டிக்கொள்வது கையால் எழுதியவர்கள்தான்.

இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. உபுண்டு 15.04க்கு முன்னால் சிஸ்டம்டியின் இடத்தில் அப்ஸ்டார்ட் இருந்த காலத்தில், டிஸ்க் வராவிட்டால் "எஸ் தட்டினால் விட்டுவிடுகிறேன், எம் தட்டினால் நீங்களே சரிசெய்யுங்கள்" என்று திரையில் கேள்வி வரும். அதைத் தவிர்க்க 'நோபூட்வெயிட்' என்ற ஆப்ஷனை எழுதுவார்கள். சிஸ்டம்டிக்கு அந்தச் சொல் தெரியாது. அது அப்படியே மவுண்டுக்குப் போய், தெரியாத ஆப்ஷன் என்று மவுண்டே தோற்கும். பழைய வழிகாட்டிகளில் இன்னமும் அது கிடக்கிறது. கண்டால் அழித்துவிடுங்கள்.

எந்தக் கட்டத்தில் நேரம் போகிறது

எதையும் மாற்றும் முன் அளந்துவிடுவது நல்லது. முதலில் 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று மட்டும் தட்டுங்கள். யூஇஎஃப்ஐ கணினியானால் ஃபர்ம்வேர், லோடர், கெர்னல், யூசர்ஸ்பேஸ் என்று நான்கு எண்கள் வரும். யூசர்ஸ்பேஸ் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலே இருந்தால் எஃப்எஸ்டேப் கதைதான். கெர்னல் பகுதியில் 30 வினாடிபோல மிகுதியாக இருந்தால் அது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன். ஃபர்ம்வேர் எண் பெரிதாக இருந்தால் லினக்ஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. பயாஸ் உங்கள் தம்ப் டிரைவில் பூட் லோடரைத் தேடிக்கொண்டிருக்கிறது. பூட் வரிசையில் உள் டிஸ்கை முதலில் வைத்துவிட்டுப் போங்கள். லினக்ஸில் எதைத் தொட்டும் பயன் இல்லை.

அடுத்து எல்லோரும் ஓடுவது 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்ற கட்டளைக்கு. யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று பட்டியல் போடும். ஆனால் அது கொஞ்சம் ஏமாற்றும். தன் வேலைக்கு நேரம் எடுத்த யூனிட்டும், இன்னொன்றுக்காகச் சும்மா நின்ற யூனிட்டும் அதில் ஒரே மாதிரிதான் தெரியும். வரவே வராத டிஸ்குக்கான காத்திருப்போ அதில் இடம்பெறாமலே போகலாம். 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்' மேல். யார் யாருக்காக நின்றார்கள் என்ற சங்கிலி அதில் சிவப்பு எண்களோடு தெரியும். சந்தேகமில்லாத சாட்சி வேண்டுமானால் ஜர்னல் என்ற பதிவேடு: 'ஜர்னல்சிடிஎல் --பூட்' கொடுத்து "டைம்ட் அவுட் வெயிட்டிங் ஃபார் டிவைஸ்" என்ற தொடரைத் தேடுங்கள். அந்த வரியிலேயே டிஸ்கின் யூயூஐடி இருக்கும். நடுவில் வரும் பின்சாய்கோட்டையும் 'எக்ஸ்2டி'யையும் கண்டு பயப்பட வேண்டாம். யூனிட் பெயருக்குள் இணைப்புக்கோட்டை சிஸ்டம்டி அப்படித்தான் எழுதும்.

யூயூஐடி கிடைத்ததா? இப்போது 'எல்எஸ்பிஎல்கே -எஃப்'. செருகியிருக்கும் எல்லா டிஸ்குகளின் யூயூஐடியும் வரும். ஜர்னலில் உள்ள எண் இங்கே இல்லையென்றால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

என்ன மாற்றுவது

மானிட்டர், விசைப்பலகையோடு தினமும் உட்கார்ந்து பயன்படுத்தும் கணினி என்றால் என் சிபாரிசு எளிது: அந்த வரியையே எடுத்துவிடுங்கள். டிஸ்கைச் செருகியதும் டெஸ்க்டாப்பே /மீடியா அடியில் உங்கள் பயனர் பெயரில் மவுண்ட் செய்துகொள்ளும். போய்வரும் டிஸ்குக்கு எஃப்எஸ்டேப்பில் நிரந்தர இடம் எதற்கு?

வரி கட்டாயம் வேண்டும் என்றால், அதாவது இரவு பேக்கப் ஓடுகிறது, குடும்பப் படங்களுக்கு எப்போதும் ஒரே பாதை வேண்டும் என்றால், நான்காவது பத்தியை இப்படி மாற்றுங்கள், நடுவில் இடைவெளி விடாமல்:

டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=15எஸ்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=2மின்

நோஃபெயில் என்றால் இந்த மவுண்ட் விருப்பம்தான், கட்டாயமில்லை. வந்தால் சரி, இல்லையென்றால் பூட் நிற்காது. ஆட்டோமவுண்ட் என்றால் பூட்டின்போது மவுண்டையே தொடாது. யாராவது அந்த ஃபோல்டருக்குள் நுழையும்போதுதான் டிஸ்கைத் தேடும். ஐடில்-டைம்அவுட் போட்டால் இரண்டு நிமிடம் யாரும் தொடாதபோது தானே அன்மவுண்ட் ஆகிவிடும். வீட்டில் யாராவது சொல்லாமல் கேபிளைப் பிடுங்கும் பழக்கம் உள்ளவர் இருந்தால் இது பெரிய உபகாரம்.

டிவைஸ்-டைம்அவுட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல வழிகாட்டிகள் 1 வினாடி, 5 வினாடி என்று போடச் சொல்கின்றன. எஸ்எஸ்டிக்கு அது போதும். சுழலும் டிஸ்க் தூக்கத்திலிருந்து எழுந்து வேகம் பிடிக்கவே சில வினாடி ஆகும். நடுவில் யூஎஸ்பி ஹப் இருந்தால் இன்னும் கூடும். 5 வினாடி போட்டுவிட்டு, டிஸ்க் செருகியிருந்தும் சில நாள் மவுண்ட் ஆகிறது, சில நாள் ஆகவில்லை என்று குழம்புவதைவிட 15 போடுவது நல்லது. அதற்காகப் பழைய 90ஐ விட்டுவைக்கவும் கூடாது. ஆட்டோமவுண்ட் இருக்கும்போது, டிஸ்க் இல்லாத நேரத்தில் அந்த ஃபோல்டரைத் தொடும் நிரல் அத்தனை வினாடியும் உறைந்து நிற்கும். ஃபைல் மேனேஜர் திடீரென்று தொங்கினால் அதுதான் காரணம்.

கடைசிப் பத்தி: என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்குகளுக்கு 0 போடுங்கள். இஎக்ஸ்டி4க்கு 2 இருக்கலாம். ஆனால் முழுச் சோதனை தேவைப்படும் நிலையில் ஒரு பெரிய டிஸ்க் வந்தால் பல நிமிடம் பிடிக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

திருத்தும் முன் எஃப்எஸ்டேப்பின் நகல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தியபின் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', பிறகு 'சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை'. இரண்டாவது கட்டளை எழுத்துப்பிழையையும் இல்லாத ஃபோல்டரையும் அங்கேயே சொல்லிவிடும். 'சூடோ மவுண்ட் -ஏ' கொடுத்தும் பாருங்கள்.

இங்கே முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்க் செருகியிருக்கும்போது எல்லாம் வேலை செய்யும், எப்போதும் செய்தது. டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ரீபூட் செய்து பார்த்தால்தான் சோதனை முடிந்தது என்று அர்த்தம்.

பாம் ஷெல்ட்டரில் வைத்த கணினி

நம் ஊர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி அல்லது பழைய மினி பிசி ஒன்றைக் கோப்புச் சேமிப்புக்காக வைத்திருப்பவர்கள் அதைப் பாம் ஷெல்ட்டரில், அதாவது வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் குண்டுப் புகலிட அறையில்தான், தள்ளுகிறார்கள். கனத்த இரும்புக் கதவு, தடித்த சுவர், உள்ளே அரிசிமூட்டை, பயணப்பெட்டி, அலமாரி மேல்தட்டில் கணினி. மானிட்டர் கிடையாது. மின்சாரம் ஒருமுறை போய்வந்து, அந்த நேரம் பார்த்து டிஸ்க் செருகியில்லை என்றால், கணினி எமர்ஜென்சி மோடில் நின்றுகொண்டிருக்கும். வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் எழுந்திருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நெட்வொர்க் போய்விட்டது போலத் தோன்றும். கதவு சாத்தியிருந்ததால் வைஃபை எட்டவில்லை என்று ரவுட்டரைத் திருகிக்கொண்டு ஒரு மாலை போய்விடும்.

அப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் அந்தப் போர்ட்டபிள் டிஸ்கைத் தேடியெடுத்துச் செருகி, கணினியை அணைத்துப் போடுவது. காரணம் அதுதான் என்றால் ஒழுங்காக எழுந்துவிடும். பிறகு எஸ்எஸ்ஹெச் வழியாகவே வரியைத் திருத்திக்கொள்ளலாம்.

டிஸ்க் கையில் இல்லை, அல்லது செத்துவிட்டது என்றால் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அங்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு: உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் எமர்ஜென்சி மோட் உள்ளே விடாமல் அதையே சொல்லிவிட்டு நிற்கலாம். அப்போது ரீபூட் செய்து, பூட் லோடரான கிரப்பின் பட்டியலில் இ விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'சிஸ்டம்டி.மாஸ்க்=எம்என்டி-பேக்கப்.மவுண்ட்' என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் தட்டுங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அந்த மவுண்ட் முடக்கப்படும். மவுண்ட் பாதையில் முதல் சாய்கோட்டை நீக்கி, மற்றவற்றை இணைப்புக்கோடாக மாற்றினால் யூனிட் பெயர் கிடைக்கும். பாதையிலேயே இணைப்புக்கோடு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தவறும். 'சிஸ்டம்டி-எஸ்கேப் --பாத்' சரியான பெயரைச் சொல்லும். ராஸ்பெரி பையில் கிரப் இல்லை. எஸ்டி கார்டைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் கணினியில் செருகி எஃப்எஸ்டேப்பைத் திருத்துவது சுலபம்.

நோஃபெயில் போட்டாயிற்று, பூட் வேகமாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் அடுத்த ஆபத்து. டிஸ்க் இல்லாதபோதும் /எம்என்டி/பேக்கப் என்ற ஃபோல்டர் இருக்கிறது; அது ரூட் டிஸ்கின் சாதாரண காலி ஃபோல்டர். ஆட்டோமவுண்ட் போட்டிருந்தால் அதற்குள் நுழைகிற நிரலுக்குப் பிழை வரும், அது நல்லது. வெறும் நோஃபெயில் மட்டும் என்றால் இரவு 2 மணிக்கு ஓடும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் எல்லாவற்றையும் உள் டிஸ்கிலேயே கொட்டும். டாக்கர் கன்டெய்னர்களும் இதையேதான் செய்யும். சில நாளில் ரூட் நிரம்பிவிடும். பிறகு போர்ட்டபிள் டிஸ்கைச் செருகினால் அந்தக் கோப்புகள் மவுண்டுக்கு அடியில் மறைந்துபோகும். டிஸ்கின் மொத்த இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' நிரம்பிவிட்டது என்று சொல்லும், ஃபோல்டர்களின் அளவைக் கூட்டும் 'டியூ' எங்கேயும் ஒன்றும் இல்லை என்று சொல்லும்.

மறைந்ததைப் பார்க்க ஒரு வழி: 'சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/ரூட்' என்று ரூட்டை இன்னொரு ஃபோல்டரில் காட்டச் சொல்லி (அந்த ஃபோல்டரை முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள்), அதற்குள் இருக்கும் எம்என்டி/பேக்கப்பைத் திறந்து பாருங்கள். மீண்டும் நடக்காமலிருக்க, டிஸ்கை அன்மவுண்ட் செய்த நிலையில் அந்தக் காலி ஃபோல்டர் மீது 'சூடோ சிஹெச்ஆட்டர் +ஐ' போடுங்கள். இனி ரூட் பயனராலும் அதற்குள் எழுத முடியாது. மேலே டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. என் கணக்கில் இந்தக் கட்டுரையிலேயே அதிகப் பயனுள்ள ஒற்றைக் கட்டளை இதுதான். பேக்கப் ஸ்கிரிப்டின் தலையில் 'மவுண்ட்பாயிண்ட் -கியூ' சோதனை ஒன்றை வைத்து, தோற்றால் வெளியேறச் சொல்வதும் நல்லது. சிஸ்டம்டி சர்வீஸாக ஓடுகிறதென்றால் யூனிட் கோப்பில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எம்என்டி/பேக்கப்' போதும்.

எஃப்எஸ்டேப் சுத்தமாக இருந்தும் தாமதம் என்றால்

கெர்னல் பகுதியில் போகும் 30 வினாடிக்குத் திரும்பி வருகிறேன். டெபியன் வகைக் கணினிகளில் "கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்" என்று தொடங்கும் வரி ஒன்று தெரிந்தால், இல்லாத ஸ்வாப் பார்ட்டிஷனிலிருந்து ஹைபர்னேஷன் தரவைத் தேடியிருக்கிறது. லினக்ஸை நிறுவியபோது செருகியிருந்த டிஸ்கில் ஒரு ஸ்வாப் இருந்தால் இப்படி ஆகலாம். /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பில் 'ரெஸ்யூம்=நன்' என்று எழுதி (இடப்பக்கச் சொல் பெரிய எழுத்தில், வலப்பக்கம் சிறிய எழுத்தில்) 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டினால் தீர்ந்தது. எஃப்எஸ்டேப்பிலும் அந்த ஸ்வாப் வரி இருந்தால் அதையும் நீக்குங்கள், இல்லையென்றால் 90 வினாடி தனியாகக் காத்திருக்கிறது. என்கிரிப்ட் செய்த போர்ட்டபிள் டிஸ்க் வைத்திருப்பவர்கள் /இடிசி/கிரிப்ட்டேப்பிலும் நோஃபெயில் சேர்க்க வேண்டும். அதை மறந்துவிட்டு எஃப்எஸ்டேப்பை எத்தனைமுறை திருத்தினாலும் பூட் அசையாது.

டிஸ்க் செருகியிருக்கும்போதுதான் மெதுவாகிறது, கழற்றினால் சரியாகிறது என்றால் பிரச்சினை யூஎஸ்பி பக்கம். கெர்னல் பதிவைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையின் இடதுபக்க நேர எண்களைப் பாருங்கள், எங்கே பத்து, இருபது வினாடி தாவுகிறது என்று. "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்" என்ற சொற்களோடு -110 தெரிந்தால் டிஸ்க் பதிலே சொல்லவில்லை. -71 என்றால் பேச்சு நடுவில் குழம்பியிருக்கிறது. இரண்டுக்கும் முதல் சந்தேகம் கேபிளும் மின்சாரமும்தான். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் 900 மில்லிஆம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. சுழலும் டிஸ்க் வேகம் பிடிக்கும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கலாம். ராஸ்பெரி பை 4இல் நான்கு போர்ட்டும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான். பை 5இல் 5 ஆம்பியர் பவர் சப்ளை இல்லாவிட்டால் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான். சுவரில் தனி அடாப்டர் போட்ட ஹப் ஒன்று இதற்கு நேரான மருந்து.

அதே பதிவில் 'யூஏஎஸ்' என்ற எழுத்துகளோடு அபார்ட், ரீசெட் என்று மாறிமாறி வந்தால் டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் சிப் யூஏஎஸ் என்ற வேகமான யூஎஸ்பி முறையைச் சரியாகப் பேசவில்லை. 'எல்எஸ்யூஎஸ்பி' தரும் நான்கு-நான்கு எழுத்து ஐடியை எடுத்து, கெர்னல் வரியில் 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=' என்பதற்குப் பின்னால் அந்த ஐடி, ஒரு முக்காற்புள்ளி, யூ என்ற எழுத்து எனச் சேர்த்தால் அந்தப் பெட்டிக்கு மட்டும் பழைய முறை அமலாகும். வேகம் கொஞ்சம் குறையும்.

அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ் என்று ஒரே என்டிஎஃப்எஸ் டிஸ்கைச் சுமப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. விண்டோஸில் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் டிஸ்க் 'டர்ட்டி' (ஒழுங்காக மூடப்படாதது) என்று குறிக்கப்பட்டுவிடலாம். 2021இல் கெர்னல் 5.15 உடன் வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் அதை மவுண்ட் செய்ய மறுக்கும். நோஃபெயில் இல்லாத வரி என்றால் டிஸ்க் கண்ணெதிரே செருகியிருந்தும் எமர்ஜென்சி மோட். விண்டோஸுக்கே கொண்டுபோய் 'சிஹெச்கேடிஎஸ்கே' ஓட்டிவிட்டு ஒழுங்காக எஜெக்ட் செய்து கொண்டுவருவது பாதுகாப்பானது.

இன்னொன்று: போர்ட்டபிள் டிஸ்கை ஃபார்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும். டிஸ்க் செருகியிருக்கிறது, விளக்கு எரிகிறது, 90 வினாடி மட்டும் போகவில்லை என்றால் எஃப்எஸ்டேப் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். அடிக்கடி ஃபார்மட் செய்பவர் என்றால் 'இ2லேபல்' கொண்டு டிஸ்குக்கு ஒரு பெயர் வைத்து, யூயூஐடிக்குப் பதிலாக 'லேபல்=' என்று எழுதிக்கொள்ளலாம். ஃபார்மட் செய்த பிறகு அதே பெயரை மறுபடி வைக்க வேண்டும். இரண்டு டிஸ்குக்கு ஒரே பெயரை வைத்துவிடாதீர்கள்.